வரிசை விளையாட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. கோபத்தில் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வெளியூர் ஜனங்கள் கோயிலில் கால் கடுக்க நிற்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது, உள்ளூர்க்காரன் நிற்க வேண்டியதில்லை என்பதைத்தான். கோயிலில் ஒருவரைத் தெரியும், ஆஸ்பத்திரியில் ஒருவரைத் தெரியும், ரேஷன் கடையில் ஒருவரைத் தெரியும். யாரையும் தெரியாதவனைப் பார்த்தால் இங்கே எல்லோருக்கும் ஒரு பரிதாபம் வரும்.

வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம்தான் எனக்கு வேலை கிடைத்தது. எம்ப்ளாய்மெண்டில் பதிந்துவிட்டுத் தலை நரைக்கும்வரை காத்திருந்து கிடைத்த டீச்சர் வேலை. கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து, மாணவர்களுக்கு நல்ல பழக்கங்களைச் செயல்பாடுகள் மூலம் கற்பிப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மத்தியானம் தக்காளி சாதம் போட்டார்கள். திரும்பும்போது ஆளுக்கு ஒரு வண்ணப் படம் கொடுத்தார்கள். அதில் டை கட்டிய ஒரு பையன் பளபளக்கிற வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளியில் குழாயே கிடையாது, பிளாஸ்டிக் டிரம்தான். வாஷ்பேசின் என்றால் என்னவென்று ஒரு பிள்ளை கேட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, படம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நகம் வெட்டு, தலை வாரு, கைக்குட்டை வை. இவ்வளவுதானா நல்ல பழக்கம்? என் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் டிரம்முக்குப் போகிற அழகைப் பார்த்திருக்கிறேன். மதிய மணி அடித்ததும் பெரியது சின்னதைத் தள்ளும். டம்ளர் பறக்கும். சின்னப் பிள்ளைகள் பலநாள் கை கழுவாமலேயே சாப்பிட உட்கார்ந்துவிடும். கை கழுவுவதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் வரிசையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அப்படி நானாக யோசித்து உண்டாக்கியதுதான் வரிசை விளையாட்டு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பெஞ்சுகளை நகர்த்திப் போட்டு ஒருநாள் தபால் ஆபீஸ், ஒருநாள் ஆஸ்பத்திரி, ஒருநாள் பஸ் டிப்போ என்று அமைப்போம். ஒரு பிள்ளை கவுண்டரில் உட்காரும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தன் மட்டும் நடுவில் புகுந்து ஏமாற்றப் பார்க்க வேண்டும், அதுதான் அவன் வேஷம். அவன் புகுந்ததும் யாரும் அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. மொத்த வரிசையும் அவன் பக்கம் திரும்பி ஒரே குரலில் "பின்னாடி வாங்க" என்று சொல்ல வேண்டும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கடைசிக்குப் போய்விடுவான்.

கவுண்டரில் இருப்பவருக்கும் ஒரு விதி வைத்தேன். வருகிறவர் கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் முதலில் பேர் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே கிடையாது என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடமே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "பேரு?" என்று கேட்பதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தக் கவுண்டர் வேஷத்தை ஒரு பெண் செய்ததைப் போல வேறு யாரும் செய்ததில்லை. ஒல்லியாக, எண்ணெய் காணாத தலையும் ஊக்கு குத்திய பாவாடையுமாக இருப்பாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீடுகளில் அறை பெருக்கித் துடைக்கிறவர். கவுண்டர் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெண்ணை அசைக்க முடியாது. பேரை மட்டும் சொன்னால் விட மாட்டாள். "இனிஷியலோட சொல்லுங்க" என்பாள். அது அவளாகவே சேர்த்துக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். முதல் நாள் பௌர்ணமி. கிரிவலம் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம் பஸ்ஸுக்கு எப்படி முண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள். துண்டைவிட ஆளே உள்ளே இருந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அவர் தன் பெண்ணையே ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, அவளை நீட்டிப் படுக்கவைத்து ஒரு சீட் முழுவதையும் பிடிப்பார். அந்த சீட்டுக்குப் பயணிகள் ஏதாவது கொடுப்பார்கள்.

"டீச்சரம்மா, இன்னா சொல்லிக்குடுத்து வச்சிருக்கீங்க இவளுக்கு?" என்றார். "ஜன்னலாண்ட தூக்கறேன், கால ஒதைக்கறா. எல்லாரும் நிக்கறாங்கப்பா, நாமளும் நிக்கலாம்ன்றா. பௌர்ணமி அன்னிக்கு நின்னா வேலைக்காவுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. வகுப்பில் சொன்னதை வகுப்போடு விட்டுவிடாமல் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோன ஒரு பிள்ளை கிடைத்துவிட்டதே என்ற பெருமை. அவருடைய வருமானத்தில் கை வைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு பெண் குழந்தையை ஜன்னல் வழியாகத் திணிப்பது தப்பு என்று அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எங்கள் ஹெட்மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சிரித்த முகம், யாரையும் 'ங்க' போட்டுப் பேசுகிற வாய். ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. யாருக்கு எந்த ஆபீஸில் காரியம் ஆக வேண்டுமானாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். முடித்துக் கொடுப்பார். கைநீட்டி எதுவும் வாங்க மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சத்தம் கேட்டு எங்கள் வகுப்புக்கு வந்தார். அன்றைக்குத் தபால் ஆபீஸ். கவுண்டரில் அந்தப் பெண். இவர் விளையாட்டுக்காக நேராக முன்னால் போய், "ஒரு கார்டு குடும்மா, அவசரம்" என்றார். மொத்த வகுப்பும் அவர் பக்கம் திரும்பியது. ஹெட்மாஸ்டர் என்றதும் பாதிப் பேருக்குக் குரல் வரவில்லை. அவள் மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "சார், பின்னாடி வாங்க" என்றாள்.

அவர் ஹோவென்று சிரித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். முறை வந்தது. "பேரு?" என்று கேட்டாள். சொன்னார். "இனிஷியலோட சொல்லுங்க சார்." சொன்னார். நோட்டு அட்டையில் வெட்டிய கார்டைக் கொடுத்தாள். திங்கட்கிழமை பிரேயரில் அவளை முன்னால் கூப்பிட்டு ஒரு பென்சில் கொடுத்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தது. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். அம்மாவோடு அறை பெருக்க அனுப்பிவிடலாம் என்பது அவள் வீட்டு முடிவு. நான் இரண்டு மூன்று முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், உங்களுக்குச் செலவே இல்லை என்று சொன்னேன். கடைசியில் அவள் அப்பா, "ஜன்னலுக்கும் லாயக்கில்ல, படிச்சாவது தொலையட்டும்" என்று சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் மறுநாளே அம்மாவோடு வேலை.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய ஆபீஸ் வேங்கிக்கால் பக்கம் இருந்தது. சாதிச் சான்றிதழ் கைக்கு வரவே தாமதமாகிவிட்டதால் நானும் அவளும் அவள் அப்பாவும் போனது கடைசி நாள். அக்கினி நட்சத்திர வெயில். வராந்தாவில் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு முன்னால் நீளமான வரிசை. எங்களுக்கு முன்னால் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்ன ஒரு அம்மாவும் அவருடைய பெண்ணும் நின்றார்கள். எங்கள் பெண் விண்ணப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிஷியலோடு பேர் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வரிசை ஊர்ந்தது. எங்களுக்கு முன்னால் கொஞ்சம் பேரே இருந்தபோது ஹெட்மாஸ்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர். ஹெட்மாஸ்டர் கையில் ஒரு கட்டு விண்ணப்பங்கள். உள்ளே இருந்த கிளார்க் எட்டிப் பார்த்து, "சார், வெயில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று பக்கத்துக் கதவைக் காட்டினார்.

அவர் வரிசையைத் தாண்டி அந்தக் கதவுக்குப் போகும்போது அவள் சொன்னாள்.

"சார், பின்னாடி வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. சிரித்துக்கொண்டே சொன்னாள். சார் மறந்துவிட்டார், ஞாபகப்படுத்தினால் சிரித்துவிட்டுக் கடைசிக்குப் போவார் என்று நம்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் ஒரே குரலில் சொல்லப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செங்கத்து அம்மா தரையைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "அது கிளாஸு கண்ணு. இது ஆபீஸு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் கதவு வரைக்கும் போய் மறித்துக்கொண்டேன். "சார், கொழந்த சொல்றதுல இன்னா தப்பு? காலையிலேர்ந்து இவ்ளோ ஜனம் நிக்குது. நீங்கதானே பென்சில் குடுத்துக் கைதட்டச் சொன்னீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "டீச்சர், கோவப்படாதீங்க. எடம் கம்மி, அப்ளிகேஷன் ஜாஸ்தி. இன்னிக்குக் கடைசி நாளு. நீங்க நியாயம் பேசிக்கினு இருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கதான் போவும். அவ பேப்பரையும் குடுங்க, சேத்துக் குடுத்துட்றேன்."

"வேணாம் சார். அவ முறை வரும்" என்றேன்.

முறை வரவில்லை. எங்கள் பேச்சு கிளார்க்குக்குப் பிடிக்கவில்லை. "சண்ட போட்றதுன்னா வெளிய போய்ப் போடுங்க. மத்தியானத்துக்கு மேல பாக்கலாம்" என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். மத்தியானத்துக்கு மேல் திறக்க மாட்டார்கள் என்று வரிசையில் யாரோ அடித்துச் சொன்னார்கள். அவள் அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு பெண்ணின் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கினார். அவள் இறுக்கிப் பிடித்திருந்ததில் ஓரம் கிழிந்தது. அதை ஹெட்மாஸ்டரிடம் நீட்டி, "சார், நீங்க பாத்து செய்ங்க சார்" என்று கும்பிட்டார்.

ஹெட்மாஸ்டர் உள்ளே போனார். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, "முடிஞ்சிது, கவலப்படாம போங்க" என்றார். என்னைப் பார்த்தும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கேலியும் இல்லை.

அவள் மட்டும் வரிசையை விட்டு நகரவில்லை. கையில் பேப்பர் இல்லை, ஜன்னலும் திறந்திருக்கவில்லை. அப்படியே தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "வா, வேல ஆச்சி" என்று அப்பா தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செங்கத்து அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அவர்கள் விண்ணப்பம் உள்ளே போனதா என்று எனக்குத் தெரியாது. போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பெண்ணுக்கு விடுதியில் இடம் கிடைத்தது. அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய்க் கொடுத்துவிட்டு என் வகுப்பைத் தாண்டிப் போனார். ஹெட்மாஸ்டர் எனக்கும் ஒரு லட்டு அனுப்பிவைத்தார். அதை நான் சாப்பிடவில்லை, வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் வரிசை விளையாட்டை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லப்போனால் ஹெட்மாஸ்டர் ஆய்வுக்கு வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். "எங்க ஸ்கூல் பொண்ணு என்னையே பின்னாடி போகச் சொன்னா சார்" என்பார், அவர்களும் சிரிப்பார்கள். எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் சந்தேகமாக இருக்கும். நான் வாஷ்பேசின் படத்துக்கே திரும்பிப் போனேன். திங்கட்கிழமை நகம், செவ்வாய்க்கிழமை தலை, புதன்கிழமை கைக்குட்டை. நகம் வெட்டுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, யாருடைய இடமும் பறிபோகாது. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பல வருஷம் ஓடிவிட்டது. ரெண்டாயிரம் பிறந்து, அதுவும் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் காலமாகி, வாரிசுச் சான்றிதழ் விஷயமாக நான் ஒரு ஆபீஸில் நின்றுகொண்டிருந்தேன். பெயிண்ட் அடித்த புதுக் கட்டடம், கம்பி வலைக்குப் பதில் கண்ணாடி. வரிசை மட்டும் பழைய வரிசைதான். முழங்கால் வலி எனக்கு. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. சுடிதார் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள். "டீச்சர்! நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? உள்ள வாங்க."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பரீட்சை எழுதி வேலை வாங்கியிருக்கிறாள். அம்மாவை வேலைக்கு அனுப்புவதில்லை, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்திருக்கிறாள். ஒரே மூச்சில் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் என்னை இழுத்துக்கொண்டு போவது அந்தக் கதவை நோக்கி என்று தெரிந்ததும் கால் நகரவில்லை.

"இருக்கட்டும்மா. நான் நின்னே வரேன்."

"கால் வலியோட இன்னா டீச்சர் இது? நான் எல்லாரையும் கூப்ட மாட்டேன். நீங்கன்றதாலதான் கூப்டறேன்."

"அதனாலதான் வேணான்றேன். ஹெட்மாஸ்டரையே பின்னாடி வரச் சொன்ன பொண்ணு நீ."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையை விட்டாள்.

"ஞாபகம் இருக்கு டீச்சர். அன்னிக்கு சார் மட்டும் உள்ள போகலன்னா, எங்கம்மாகூட ரூம் பெருக்கிக்கினு இருந்திருப்பேன். சார் தவறினப்ப மால வாங்கிக்கினு போய் விழுந்து கும்பிட்டேன். எங்க வீட்ல சார் போட்டோ மாட்டியிருக்கோம்." கழுத்தில் தொங்கிய அட்டையைச் சரிசெய்துகொண்டாள். "உங்க வெளயாட்டு நல்லாதான் இருந்துச்சு டீச்சர்."

அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னாள். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் வலி இதைவிடக் கம்மியாக இருந்திருக்கும். வீட்டுக்கு நடையாய் நடந்து பேசியது யார், வெயிலில் கூட நின்றது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் அதுவும் கணக்குத் தீர்ப்பதாகிவிடும். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவளை இந்த ஊரில் கரையேற்றியது அந்தப் பக்கத்துக் கதவுதான்.

அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "கூப்டும்போது போவாம ஏம்மா நிக்கறீங்க? எங்களுக்கு ஆள் இருந்தா நாங்க நிப்போமா?" என்றாள். அவளுக்கு நான் பைத்தியமாகத் தெரிந்திருப்பேன். அவளுக்காகவும்தான் நிற்கிறேன் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

நின்றேன். கால் மரத்துப்போகிற வரைக்கும் நின்றேன். வீம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். காகிதங்களை உள்ளே தள்ளினேன். வாங்கி வரிசைப்படுத்தி வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேரு?" என்றாள்.

சொன்னேன்.

"இனிஷியலோட சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.